வயசு போயிருச்சுன்னு யாரு சொன்னது? போஸ்ட்டாக் தேடுற நம்மூருப் புள்ளைகளுக்கு

போன வாரம் கண்டனூர்ல இருந்து ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. கெமிஸ்ட்ரில பிஎச்டி, தீசிஸ், அதான் ஆய்வேடு, குடுத்து எட்டு மாசம் ஆச்சு, வைவாங்கற வாய்மொழித் தேர்வு இன்னும் நடக்கல, வீட்டுல இருந்து பிளஸ் டூ புள்ளைகளுக்கு டியூஷன் எடுக்குது. கொஞ்ச நேரம் அது இதுன்னு பேசிட்டு கடைசில மெதுவாக் கேட்டுச்சு, "அக்கா, எனக்கு ஐப்பசி வந்தா 36. போஸ்ட்டாக்குக்கு 35 தானே லிமிட்டு, இனிமே ஒண்ணும் கிடையாதுல்லக்கா?"

போஸ்ட்டாக்னா பிஎச்டி முடிச்சப்புறம் சம்பளம் வாங்கிக்கிட்டு ஆராய்ச்சி பண்ற வேலை. எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. ஏன்னா இதே கணக்கை நானும் போட்டு ஒரு முழு வருஷத்தைத் தொலைச்சிருக்கேன். அன்னைக்கு ராத்திரியே எழுதணும்னு நினைச்சேன், இன்னைக்குத்தான் முடிஞ்சுது. காரைக்குடியைச் சுத்தி இருக்குற ஊர்கள்ல பிஎச்டி முடிச்சுட்டு அடுத்து என்னன்னு தெரியாம நிக்கிற புள்ளைகளுக்கு, முக்கியமா பொம்பளைப் புள்ளைகளுக்கு இதை எழுதுறேன்.

முதல்ல என் கதையைச் சொல்லிடுறேன். எங்கப்பா ஆத்தங்குடில கல்லு போடுறவர், அதான் வீட்டுத் தரையில பதிக்கற பூப்போட்ட கலர்க் கல்லு. எங்க வீட்டுல பத்தாவது தாண்டுன மொத ஆளே நான்தான். 2017ல வைவா முடிச்சேன், பேட்டரி சம்பந்தமான வேலை. முடிச்ச கையோட ஒரு இடத்துல "புராஜெக்ட் வரப்போகுதும்மா, அது வர்ற வரைக்கும் சும்மா வந்து வேலையைப் பாரு"ன்னு சொன்னாங்க, நானும் நம்பி ஏழு மாசம் சம்பளமில்லாம தினம் பஸ் ஏறிப் போயிட்டு வந்தேன், புராஜெக்ட் வரவே இல்லை. அப்புறம் 2018ல பாப்பா பொறந்தா. அவளுக்கு ரெண்டு வயசாகறப்ப, 2020ல, நேஷனல் போஸ்ட் டாக்டரல் ஃபெல்லோஷிப் அறிவிப்பை எடுத்துப் படிக்க ஆரம்பிச்சேன், எல்லாரும் என்பிடிஎஃப்னு சொல்றது அதுதான், அப்போ செர்ப்னு ஒரு அமைப்பு குடுத்துக்கிட்டு இருந்தது. வயது வரம்பு 35ன்னு போட்டிருந்தது. எனக்கு 35 முடிஞ்சு ரெண்டு மாசம். அதோட போனை மூடி வச்சுட்டேன். அன்னைக்கு ராத்திரி பாப்பாவைத் தூங்க வச்சுட்டு கொல்லையில உக்காந்து அழுதது இன்னும் ஞாபகம் இருக்கு.

அந்த 35க்கு ரெண்டு வரி கீழயே இருந்துச்சு விஷயம். எஸ்சி, எஸ்டி, ஓபிசி, மாற்றுத்திறனாளிகள், அப்புறம் பெண்கள், இவங்களுக்கெல்லாம் 5 வருஷம் தளர்வு. அதாவது எனக்கு 40 வரைக்கும் இருந்துச்சு. அந்த ரெண்டு வரியை நான் படிக்கல. படிக்கச் சொல்லவும் பக்கத்துல ஆள் இல்லை. மறு வருஷம் ஒரு கான்ஃபரன்ஸ்ல டீ குடிக்கறப்ப ஒரு மேடம் யதேச்சையா கேட்டாங்க, "நீங்க ஏன் இன்னும் அப்ளை பண்ணல?" வயசு ஆயிருச்சு மேடம்னேன். அவங்க டீ கிளாஸை அப்படியே கீழ வச்சுட்டு போன்ல அந்தப் பக்கத்தை எடுத்து, அந்த வரியை விரலால தொட்டுக் காட்டுனாங்க.

கண்டனூர்ப் பொண்ணு ஓபிசி, பொம்பளைப் புள்ளை, ரெண்டுல எது ஒண்ணு இருந்தாலும் போதும். சொன்னவுடனே அந்தப் பக்கம் சத்தமே இல்லை, அப்புறம் மூக்கை உறிஞ்சுற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

நம்ம ஆளுங்க அறிவிப்புல மொத நம்பரைப் பார்த்துட்டு அதோட நிறுத்திடறோம். வட்டிக்கணக்குல காலணா பிசகாதுன்னு பேர் எடுத்த மண்ணு இது, ரங்கூன்லயும் பினாங்குலயும் கடை போட்டு பேரேடு எழுதுன ஊரு, இங்க பொறந்துட்டு நம்ம வயசுக் கணக்கை மட்டும் பாதி படிச்சுட்டு மூடி வைக்கிறது எனக்கு ரொம்ப வேதனையா இருக்கு. ஒவ்வொரு ஃபெல்லோஷிப்புக்கும் கணக்கு எங்கருந்து தொடங்குதுன்னு பார்க்கணும். சிலது நீங்க பொறந்த தேதில இருந்து எண்ணும், சிலது பிஎச்டி வாங்குன தேதில இருந்து எண்ணும். இது ரெண்டும் வேற வேற. லேட்டா பிஎச்டி முடிச்சவங்களுக்கு ரெண்டாவது வகை ரொம்ப நல்லது, 42 வயசுல முடிச்சாலும் அங்க நீங்க புது ஆளுதான்.

உதாரணத்துக்கு ஐரோப்பாவுல மேரி க்யூரி பேர்ல ஒரு போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப் இருக்கு, அதுல வயசுங்கற கேள்வியே கிடையாது. நான் பார்த்தப்ப பிஎச்டிக்கு அப்புறம் 8 வருஷம் வரைக்கும் ஆராய்ச்சி அனுபவம் இருக்கலாம்னு இருந்துச்சு, அதுலயும் புள்ளை பெத்து வீட்டுல இருந்த காலம், ஆராய்ச்சி இல்லாத வேற வேலை பார்த்த காலம் இதெல்லாம் கழிச்சுடுவாங்க. படிச்சப்ப எனக்கு நம்பவே முடியல. நம்மூருல அந்த ரெண்டு வருஷத்தை பயோடேட்டால எப்படி மறைக்கறதுன்னு யோசிக்கிறோம், அங்க அதுக்குன்னு தனியா ஒரு கட்டமே வச்சிருக்காங்க. இன்னொரு நிபந்தனை, எந்த நாட்டுக்குப் போறீங்களோ அந்த நாட்டுல கடைசி 36 மாசத்துல 12 மாசத்துக்கு மேல இருந்திருக்கக் கூடாது, நம்மூர்ல இருந்தே போற ஆளுக்கு இது பிரச்சனையே இல்லை. வழக்கமா செப்டம்பர்ல முடியும். ஜெர்மனியில ஹம்போல்ட் ஃபெல்லோஷிப்புக்கு நான் பார்த்தப்ப கடைசித் தேதின்னே கிடையாது, வருஷம் பூரா அனுப்பலாம்னு இருந்துச்சு, ஆனா அங்க ஒரு ப்ரொஃபசர் உங்களை ஏத்துக்கறேன்னு எழுதித் தரணும், அதுவும் போஸ்ட்டாக் பிரிவுக்கு பிஎச்டி முடிச்சு நாலு வருஷத்துக்குள்ள. ஜப்பான்ல ஜேஎஸ்பிஎஸ்னு ஒண்ணு, பிஎச்டி முடிச்சு 6 வருஷத்துக்குள்ள, நான் பார்த்தப்ப மாசம் 3,62,000 யென். கொரியாவுலயும் தைவான்லயும் நம்ம தமிழ்ப் புள்ளைக நிறைய இருக்காங்க, மெட்டீரியல்ஸ், கெமிஸ்ட்ரி பக்கம் போனா லேபுக்கு ஒருத்தராவது தமிழ் பேசறவங்க இருப்பாங்கன்னு என் கூடப் படிச்சவ சொல்லுவா.

சரி, போஸ்ட்டாக்னா என்னன்னே தெரியாதவங்க வீட்டுல இருப்பாங்க, அவங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு ஒரு வார்த்தை. எங்க அப்பத்தா, "படிச்சு முடிச்சு டாக்டர் ஆயிட்டேன்னு தெரு பூரா சொல்லிட்டேனே, இன்னும் என்னத்தா படிக்கப் போற?"ன்னு கேட்டுச்சு. நான் சொன்னேன், "இது படிப்பு இல்லை அப்பத்தா, வேலை. ரெண்டு வருஷத்துக்கு ஆளு எடுக்குறாக, சம்பளம் குடுப்பாக, பட்டமெல்லாம் கிடையாது." சம்பளம்னதும் அப்பத்தா முகம் தெளிஞ்சிருச்சு. உண்மையும் அதுதான். பிஎச்டி முடிச்சவங்க சொந்தக் கால்ல நின்னு ஒரு ஆராய்ச்சியை நடத்தக் கத்துக்கற, சம்பளம் வாங்குற காலம் அது. சம்பளம் இல்லாம "வந்து பாரு"ன்னு யாரு கூப்பிட்டாலும் போகாதீங்க, அது எவ்வளவு பெரிய லேபா இருந்தாலும் சரி. அந்த ஏழு மாசம் எனக்கு பேப்பராவும் வரல, அனுபவச் சான்றிதழாவும் வரல.

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஏற்கனவே ஒரு ப்ரொஃபசருக்கு வந்திருக்கற புராஜெக்ட்ல ரிசர்ச் அசோசியேட்டா, சுருக்கமா ஆர்ஏவா, சேர்றது. காரைக்குடில இருக்கற செக்ரிங்கற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக்கூடம், அழகப்பா யுனிவர்சிட்டி மாதிரி இடங்கள்ல இதுக்கு அவங்க வெப்சைட்லயே விளம்பரம் வரும், நிறைய வாக்-இன் தான், ஒரிஜினல் சர்டிபிகேட்டோட அன்னைக்குப் போய் நின்னா அன்னைக்கே இன்டர்வியூ. சம்பளம் மத்திய அரசு நிர்ணயிச்சது, 2023 ஜனவரில இருந்து ஆர்ஏ-1க்கு 58,000, ஆர்ஏ-2க்கு 61,000, ஆர்ஏ-3க்கு 67,000, வீட்டு வாடகைப்படி தனி. விளம்பரத்துல இதுக்குக் கீழ ஒரு தொகை போட்டிருந்தா ஏன்னு கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்லை. இந்த வழியில உள்ள கஷ்டம், காசு புராஜெக்ட்டோடது, புராஜெக்ட் முடிஞ்சா நீங்களும் முடிஞ்சீங்க, செய்யற வேலையும் அவங்க எழுதுன வேலைதான். ஆனா வீட்டை விட்டு தூரமாப் போக முடியாத புள்ளைகளுக்கு இது நல்ல வழி, நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு, உங்க பேருக்கே வர்ற ஃபெல்லோஷிப். யோசனை உங்களோடது, பணம் உங்க பேர்ல வருது, நீங்க ஒரு மென்டாரை, அதாவது வழிகாட்டுற ப்ரொஃபசரைத் தேர்ந்தெடுத்து அவங்க இருக்கற இடத்துல போய் வேலை பாக்குறீங்க. என்பிடிஎஃப் அந்த வகை. ரெண்டு வருஷம், என் காலத்துல மாசம் 55,000, அது போக வருஷம் 2 லட்சம் ஆராய்ச்சிச் செலவுக்கு. செர்ப் இப்போ இல்லை, 2023ல சட்டம் வந்து ஏஎன்ஆர்எஃப்ங்கற புது அமைப்புக்குள்ள போயிருச்சு, அதனால தொகையெல்லாம் புது அறிவிப்புலயே பாத்துக்கங்க. கண்டனூர்ப் பொண்ணுகிட்ட நான் சொன்ன முக்கியமான விஷயம் இன்னொண்ணு, வைவா முடியற வரைக்கும் காத்திருக்கணும்னு அவசியம் இல்லை, தீசிஸ் சப்மிட் பண்ணியிருந்தாலே என்பிடிஎஃப்புக்கு அப்ளை பண்ணலாம், டிகிரி வர்ற வரைக்கும் கொஞ்சம் குறைச்சுத் தருவாங்க, அவ்வளவுதான். எட்டு மாசம் அந்தப் புள்ளை சும்மா இருந்திருக்கு, யாருமே சொல்லல. கைடு சொல்லியிருக்கலாம், டிபார்ட்மென்ட்ல யாராவது சொல்லியிருக்கலாம். நான் யாரையும் குறை சொல்லல, ஆனா பிஎச்டி முடிக்கப் போற புள்ளைகிட்ட "அடுத்து என்ன"ன்னு ஒரு கேள்வி கேக்க அஞ்சு நிமிஷம் போதும்.

குழந்தை, குடும்பம்னு நடுவுல விட்டவங்களுக்கு மத்திய அரசோட அறிவியல் தொழில்நுட்பத் துறையான டிஎஸ்டில வைஸ்-பிடிஎஃப்னு பெண் விஞ்ஞானிகளுக்குன்னே தனியா இருக்கு, அதையும் பாருங்க.

சயின்ஸ் மட்டும் இல்லை. என் தோழி ஒருத்தி வரலாறு, நகரத்தார் பர்மா வியாபாரம் பத்தி பிஎச்டி பண்ணுனவ. அவளுக்கு ஐசிஎஸ்எஸ்ஆர்னு சமூக அறிவியல் கவுன்சில் குடுக்கற போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப் இருக்கறதே நான் சொல்லித்தான் தெரியும். யுஜிசி 2022ல டாக்டர் ராதாகிருஷ்ணன் பேர்ல 900 இடம், மாசம் 50,000ன்னு அறிவிச்சது, அதுல ஆர்ட்ஸுக்கும் இடம் உண்டு. அவ முதல்ல கேட்டது, "எங்க போய் உக்காந்து படிக்கிறது, மெட்டீரியல் எல்லாம் எங்க இருக்கு?" நான் சொன்னேன், கோட்டையூர்க்காரர் ரோஜா முத்தையா சேத்து வச்ச புஸ்தகங்கள்தானே சிகாகோ யுனிவர்சிட்டி வாங்கி 1994ல சென்னையில லைப்ரரியா ஆச்சு, நம்ம பக்கத்து ஊர்க்காரர் சேத்து வச்சதை நாம போய்ப் படிக்காம வேற யாரு படிப்பாங்க. இப்போ அவ ப்ரொபோசல்ல அந்த லைப்ரரிக்குன்னே நாலு மாசம் ஒதுக்கியிருக்கா.

இனிமே நான் விரிவாச் சொல்லணும்னு நினைக்கிற விஷயம், மென்டாருக்கு எழுதுற மெயில். எல்லாம் அங்கதான் தொடங்குது, அங்கதான் முக்கால்வாசிப் பேர் தோத்தும் போறாங்க. ஏன்னா என்பிடிஎஃப் ஆகட்டும் ஹம்போல்ட் ஆகட்டும், ஒருத்தர் "ஆமா, இவங்க என் லேபுக்கு வரட்டும்"னு சம்மதிச்சாத்தான் அப்ளிகேஷனே போட முடியும்.

நான் முதல்ல எழுதுன மெயில், மதிப்பிற்குரிய ஐயா, தங்களின் புகழ்பெற்ற ஆய்வகத்தில் சேர மிகுந்த ஆர்வமாக உள்ளேன், என் பயோடேட்டாவை இணைத்துள்ளேன், இவ்வளவுதான். பேரை மட்டும் மாத்தி மாத்தி நாப்பது பேருக்கு அனுப்பினேன். மூணு பேர் பதில் போட்டாங்க, மூணுமே இடம் இல்லைன்னு.

அப்போ ஒரு நாள் அப்பாவுக்குச் சோறு எடுத்துட்டு அவர் வேலை பாக்குற பட்டறைக்குப் போனேன். அப்பா ஒரு கல்லு போட்டுக்கிட்டு இருந்தார். கண்ணாடித் துண்டைத் துடைச்சு வச்சு, மேல இரும்புச் சட்டத்தை வச்சு, அதுக்குள்ள பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்துலயும் கரண்டியால சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு கலர் ஊத்துவார், அச்சை ஒரே தூக்காத் தூக்குவார், கலர் ஒண்ணோட ஒண்ணு கலக்காது, மேல உலர் சிமெண்ட் மணலைத் தூவி, அதுக்கு மேல கலவையைப் போட்டு அமுக்கி வழிச்சு எடுத்துடுவார். காஞ்சப்புறம் தண்ணித் தொட்டியில போட்டு, நாள் கழிச்சு எடுத்துக் கண்ணாடியைப் பிரிச்சாத்தான் முகம் தெரியும். நான் பேசாம உக்காந்திருக்கறதைப் பார்த்துட்டு என்னத்தான்னு கேட்டார். இப்படி நாப்பது பேருக்கு எழுதினேன்ப்பா, யாரும் வேணாங்குறாங்கன்னேன்.

"என்னத்த அனுப்புன?"

"என் படிப்பு, மார்க்கு, எங்க படிச்சேன், எல்லாம்."

"மாதிரிக் கல்லு அனுப்புனியா?"

புரியல எனக்கு. அப்பா கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னார், "பெங்களூர்ல இருந்து ஒருத்தர் வீட்டுக்குக் கல்லு கேக்குறாருன்னு வையி. நான் முப்பது வருஷமா கல்லு போடுறேன், எங்கப்பனும் கல்லு போட்டாருன்னு சொன்னா ஆர்டர் குடுத்துருவாரா? ஒரு கல்லைக் கையில குடுக்கணும் ஆத்தா. அவரு வீட்டுக்கு ஆகுற கலருல, அவரு கேட்ட அளவுல. அதைத் தடவிப் பாத்துட்டுத்தான் மிச்சப் பேச்சு."

அன்னைக்கு ராத்திரி உக்காந்து ஒரே ஒருத்தருக்கு மட்டும் எழுதினேன். அவரோட கடைசி ரெண்டு பேப்பரை மூணு நாள் படிச்சுட்டுத்தான் எழுதினேன். சோடியம் அயான் பேட்டரில ஹார்டு கார்பன்னு ஒரு ஆனோடு, நம்ம தேங்காய்ச் சிரட்டையைக் கூட ஆர்கான் வாயுவுல ஆயிரம் டிகிரிக்கு மேல சுட்டு எடுத்தா அந்தக் கார்பன் கிடைக்கும். அதுல பெரிய தலைவலி என்னன்னா முதல் தடவை சார்ஜ் ஏத்தறப்பவே கொஞ்சம் சோடியம் மேல ஒரு படலமாப் படிஞ்சு போயிடும், திரும்ப வராது. வேலையைத் தொடங்கும்போதே கைமுதல்ல கொஞ்சம் போயிடற மாதிரி. அவர் பேப்பர்ல மூணாவது படத்துல அந்த இழப்பு ஒரு சாம்பிளுக்கு மட்டும் குறைவா இருந்துச்சு, ஏன்னு அவங்க எழுதல. என் மெயில் மொத்தமே எட்டு வரி. உங்க மூணாவது படத்துல ரெண்டாவது சாம்பிள்ல இழப்பு குறைஞ்சிருக்கு, அது மேற்பரப்புல உள்ள ஆக்சிஜன் குறைஞ்சதாலயா இருக்கலாம்னு நினைக்கிறேன், என் தீசிஸ்ல இதே மாதிரி ஒரு கார்பன்ல நான் அளந்தது இது, உங்க லேப்ல முதல் ஆறு மாசத்துல இதைச் சோதிச்சுப் பாக்க இப்படி ஒரு திட்டம் வச்சிருக்கேன், இந்த ஃபெல்லோஷிப்புக்கு இந்தத் தேதிக்குள்ள அப்ளை பண்ணணும், நீங்க சம்மதிச்சா உங்களுக்குச் சம்பளச் செலவு எதுவும் கிடையாது, ஒரு பக்கத் திட்டம் இணைச்சிருக்கேன். அவ்வளவுதான். ஆர்வமாக உள்ளேன்ங்கற வார்த்தையே அதுல இல்லை.

மறுநாள் மத்தியானம் பதில் வந்துச்சு. சம்மதம்னு ஒண்ணும் சொல்லல, அந்த ஆக்சிஜன் விஷயத்துல எனக்கு சந்தேகம் இருக்கு, இந்த அளவீட்டைச் செஞ்சு பாத்தீங்களான்னு கேட்டிருந்தார். நான் அப்பாகிட்ட ஓடிப்போய் சொன்னேன், கல்லைத் தடவிப் பாக்குறாருப்பான்னு.

ஒரு பக்கத் திட்டம் எப்படி எழுதறதுன்னு நிறைய பேர் கேக்கறாங்க. 2021ல நான் போட்ட ப்ரொபோசல் வரல, அதுல தயாரிப்பு, ஆய்வு, பயன்பாடுன்னு உலகத்துல உள்ளது எல்லாத்தையும் எழுதி வச்சிருந்தேன், ரெண்டு வருஷத்துல பத்துப் பேரு செய்யற வேலை. 2022ல திரும்ப எழுதறப்ப ஒரே ஒரு கேள்வி மட்டும் வச்சேன், முதல் சார்ஜ்ல போற சோடியத்தை எப்படிக் குறைக்கிறது. மாசவாரியா என்ன செய்வேன்னு எழுதினேன், முதல் யோசனை பலிக்கலைன்னா அடுத்து என்ன செய்வேன்னும் எழுதினேன், இதை மறந்துடாதீங்க, படிக்கற நிபுணர்கள் தேடறதே அந்தப் பாராவைத்தான். செலவுக் கணக்குல ஆர்கான் சிலிண்டர், சிஆர் 2032 காயின் செல் உதிரிகள், எலக்ட்ரோலைட்னு ஒவ்வொண்ணாப் போட்டேன். இருபது மில்லிமீட்டர் அகலத்துல ஒரு பொட்டு அளவு இருக்கற செல்லு அது, அதுக்குள்ள ஆனோடு, நடுவுல பிரிக்கற தாள், எதிர்ல சோடியம் தகடு எல்லாத்தையும் அடுக்கணும், அதுவும் ஈரமும் ஆக்சிஜனும் பத்து லட்சத்துல ஒரு பங்குக்கும் கீழ இருக்கற கண்ணாடிப் பெட்டிக்குள்ள தடிச்ச ரப்பர் கையுறையில கையை விட்டு. அந்த வேலையைக் கையால செஞ்சவங்களுக்குத்தான் ஒரு மாசத்துக்கு எத்தனை செல்லு வீணாப் போகும்னு தெரியும், அதைக் கணக்குல சேத்து எழுதியிருந்தா இந்த ஆளு வேலை தெரிஞ்ச ஆளுன்னு படிக்கறவங்களுக்குப் புரிஞ்சிடும்.

இன்னொரு சின்ன விஷயம் போல தெரியும் ஆனா உயிர் போயிடும், ஹோஸ்ட் இன்ஸ்டிட்யூட்டோட என்டார்ஸ்மென்ட் சர்டிபிகேட், அதாவது நாம போய் வேலை பாக்கப் போற நிறுவனம் சம்மதம்னு எழுதித் தர்ற சான்றிதழ். அதுல டைரக்டரோ ரெஜிஸ்ட்ராரோ கையெழுத்துப் போட்டு சீல் வைக்கணும். ஒரு வாரம் ஆகலாம், நடுவுல லீவு வரும், ஆள் டூர் போயிருப்பாங்க. எனக்கு கடைசி நாள் மத்தியானம்தான் ஸ்கேன் வந்துச்சு, நெட் விட்டு விட்டு வந்துக்கிட்டு இருந்தது, கல்லூரிச் சாலை பக்கம் ஒரு ப்ரவுசிங் சென்டர்ல உக்காந்து அப்லோட் பண்ணுனேன், கை நடுங்குச்சு. அதனால அறிவிப்பு வந்த முதல் வாரத்துலயே மென்டார்கிட்ட சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்கிடுங்க, ப்ரொபோசல் எழுதி முடிக்காட்டியும் பரவாயில்லை.

யாராவது போஸ்ட்டாக் வாங்கித் தர்றேன், ப்ராசஸிங் ஃபீஸ் கட்டுன்னு மெயில் போட்டா பதிலே போடாதீங்க. ஆள் எடுக்கறவங்கதான் நமக்குச் சம்பளம் குடுக்கணும்.

இதெல்லாம் எதுக்கு, நேரா காலேஜ் வேலைக்குப் போயிடலாமேன்னு வீட்டுல கேப்பாங்க. யுனிவர்சிட்டி அசிஸ்டென்ட் ப்ரொஃபசர் வேலைக்கு ஷார்ட்லிஸ்ட் பண்ண யுஜிசி 2018 விதிமுறையில ஒரு மார்க் பட்டியல் இருக்கு, அதுல டீச்சிங் அனுபவமோ போஸ்ட்டாக் அனுபவமோ எதுவா இருந்தாலும் வருஷத்துக்கு 2 மார்க், அதிகபட்சம் 10. பேப்பருக்குத் தனியா 10 வரைக்கும். அப்போ ரெண்டு வருஷம் நல்ல லேப்ல இருந்தா ரெண்டு பக்கமும் ஏறும். இதை என் வீட்டுக்காரர்கிட்ட ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டினேன், அவர் அதை எங்க மாமியாருக்குப் படிச்சுக் காட்டினார். எங்க அத்தை அன்னைக்குச் சொன்னதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன், "நீ போயிட்டு வா, பாப்பாவை நான் பாத்துக்கறேன், தலை பின்னத் தெரியாதா எனக்கு." ஃபெல்லோஷிப் கிடைச்சு முதல் ஆறு மாசம் பாப்பா இல்லாம வடக்க ஒரு ஊர்ல ஹாஸ்டல் ரூம்ல இருந்தேன், அப்புறம் வீடு எடுத்து கூட்டிட்டுப் போனேன். அந்த ஆறு மாசம் ரொம்பக் கஷ்டம்தான், அதைச் சுலபம்னு சொல்லி உங்களை அனுப்ப எனக்கு மனசு வரல. வீட்டுல ஒரு ஆளாவது உங்க பக்கம் நிக்கணும், அந்த ஆளு யாருன்னு அப்ளை பண்றதுக்கு முன்னாடியே பேசி வச்சுக்கங்க.

செக்ரி வாசலைத் தாண்டிப் போறப்பல்லாம் எனக்கு ஒண்ணு தோணும். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்து அந்த ஆராய்ச்சிக்கூடத்தை இந்த ஊருக்குக் கொண்டு வந்தார், 1948 ஜூலைல நேரு அடிக்கல் நாட்டுனார், 1953 பொங்கல் அன்னைக்கு ராதாகிருஷ்ணன் திறந்து வச்சார், அதே ராதாகிருஷ்ணன் பேர்லதான் நான் மேல சொன்ன யுஜிசி ஃபெல்லோஷிப்பும் இருக்கு. டெல்லி, பம்பாய்னு பெரிய ஊரையெல்லாம் விட்டுட்டு தண்ணிக்கே கஷ்டப்படுற இந்தச் செம்மண்ணுல ஒரு தேசிய ஆராய்ச்சிக்கூடம் வந்திருக்கு. அந்த காம்பவுண்டுச் சுவரை ஒட்டி பஸ்ல போயிட்டு வந்த புள்ளைக நாம. உள்ள என்ன நடக்குது, அடுத்த விளம்பரம் எப்போ வருதுன்னு நமக்குத் தெரியாமப் போச்சுன்னா அவர் குடுத்த நிலத்துக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தொண்டை அடைக்கும்.

யாருக்காவது ஒரு பக்கத் திட்டம் எழுதிப் படிச்சுப் பாக்க ஆள் வேணும்னா அனுப்புங்க, எந்தப் பாடமா இருந்தாலும் பரவாயில்லை, புரியற வரைக்கும் கேள்வி கேப்பேன். சனி ஞாயிறு வீட்டுலதான் இருப்பேன்.

கண்டனூர்ப் பொண்ணு நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு அதோட முதல் பக்கத்தை அனுப்பியிருக்கு. நல்லா எழுதியிருக்கு, ஆனா ரெண்டாவது பாராவுலயே மூணு கேள்வியைக் கொண்டு வந்து வச்சிருக்கு. ஒண்ணை மட்டும் விட்டுட்டு மிச்ச ரெண்டையும் பென்சில்ல அடிச்சு வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை காலைல வருது, தீசிஸையும் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்.